மாமனாரின் பல்லும் மாறும் நிபந்தனைகளும்

பல்லக்கா என்று அவளை முதலில் கூப்பிட்டது யாரென்று அவளுக்கே தெரியாது. பல் செட் செய்கிறவள், வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுகிறவள் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் பட்டறை. சுவர் நெடுக அலமாரி. அதில் அந்தப் பகுதியில் பாதிப் பேருடைய தாடைகள் பிளாஸ்டரில் வார்க்கப்பட்டு, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் பெயர்ச்சீட்டுடன், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். பல்லக்கா அவற்றுக்கு நடுவே உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிடுவாள்.

மெழுகில் பல் அடுக்கும் வேலை கையில் இருந்தாலும், இப்போதெல்லாம் 'முறுவல்' என்ற மென்பொருள் இல்லாமல் எதுவும் நடக்காது. டாக்டர்கள் வாயை ஸ்கேன் செய்து முறுவலில் அனுப்புவார்கள். இவள் முறுவலில் பல்லை வரைவாள். மூலையில் இருக்கும் மெஷின் முறுவலின் பேச்சை மட்டும் கேட்டு, பிளாஸ்டிக் வில்லையைக் குடைந்து பல்லாக்கித் தரும். முறுவல் அவ்வப்போது திரையில் ஒரு ஜன்னலைத் திறந்து, தன் நிபந்தனைகள் மாறிவிட்டதாக அறிவிக்கும். கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். பல்லக்கா அழுத்துவாள். மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்ட எவ்வளவு யோசிப்பாளோ அவ்வளவுதான் அதற்கும் யோசித்தாள்.

இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது, மாமனாரின் முறை வரும்வரை.

மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், ஏன் வராது என்பதை ஊருக்கெல்லாம் கம்பீரமாகச் சொன்ன வாய் அது. அதில் மிச்சமிருந்த பற்களும் போன பிறகு மசித்ததும் கரைத்ததுமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். மருமகளே பல் செட் செய்கிறவள் என்பதால் அவரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஈறு ஆறியது. ஸ்கேன் ஆனது. பல்லக்கா தன் கைவண்ணம் முழுவதையும் காட்டி அவருக்கு ஒரு செட் வரைந்து முடித்தாள். மறுநாள் காலை மெஷினை ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் ஜன்னல் திறந்தது.

'அன்புள்ள பயனரே, எங்கள் நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை என்ற வருத்தமான செய்தி எங்களுக்கு எட்டியுள்ளது. உங்கள் விழிப்புணர்வில் எங்களுக்கு மிகுந்த அக்கறை உண்டு. எனவே இன்று முதல், சென்ற ஒப்பந்தத்திலிருந்து இந்த ஒப்பந்தம் எங்கெங்கே மாறியுள்ளது என்பதை உங்கள் சொந்த நடையில் எழுதினால் மட்டுமே பொத்தான் வேலை செய்யும்.'

பல்லக்கா சற்று யோசித்து, 'நல்லவிதமாக மாறியுள்ளது' என்று எழுதினாள்.

'உங்கள் பதில் பொத்தாம்பொதுவாக உள்ளது' என்றது திரை. பிறகு அவள் பெயருக்குப் பக்கத்தில் 'கவனக்குறைவுப் பயனர்' என்று சிவப்பில் ஒரு பட்டம் வந்து உட்கார்ந்தது. அதோடு மெஷின் நின்றது. மாமனாரின் பற்கள் திரையில் தெரிந்தன, சுற்றிப் பார்க்கலாம், பெரிதாக்கிக்கூடப் பார்க்கலாம். எடுக்க முடியாது.

உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் பேசினாள்.

"உங்க சிரமம் எங்களுக்கு நல்லாப் புரியுது மேடம்."

"என்ன சிரமம்னு நான் இன்னும் சொல்லலையேம்மா."

"எல்லாருக்கும் ஒரே சிரமம்தான் மேடம். அதனால முன்கூட்டியே புரிஞ்சு வெச்சிருக்கோம்."

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்?"

"கவனமா இருக்கணும் மேடம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள்.

பல்லக்காவின் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவர் தொழில் என்றாலும், இதில் அவருக்கு வழி தெரியவில்லை. "பேசாம படிச்சுடேன்" என்றார், மனைவியை எவரெஸ்ட் ஏறச் சொல்கிற குரலில்.

அவள் படிக்கத்தான் தீர்மானித்தாள். பழைய ஒப்பந்தம் கணினியின் ஒரு மூலையில் கிடந்தது. அதையும் புதியதையும் முன்னால் இருந்த கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்து, அலமாரித் தாடைகளின் காலடியில், இருந்தால் காலடி என்று சொல்லக்கூடிய இடத்தில், பரப்பினாள். மாமனார் உதவிக்கு வந்தார். அவர் பழையதைப் படிப்பது, இவள் புதியதில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவது என்று ஏற்பாடு. அவர் பல்லில்லாமல் சொன்னதையெல்லாம் இங்கே பல்லோடு எழுதியிருக்கிறது.

"மாற்றங்கள் அவ்வப்போது உங்களுக்குத் தெரிவிக்கப்படும்" என்று படித்தார் மாமனார்.

"இதுல 'தெரிவித்ததாகக் கருதப்படும்'னு இருக்கு மாமா."

மாமனார் கண்ணாடியை உயர்த்தினார். அவர் முகத்தில் ஒரு தொழில்காரனுக்கு இன்னொரு தொழில்காரனிடம் வரும் மரியாதை தெரிந்தது.

"நல்ல வரிம்மா. இது மட்டும் என் காலத்துல இருந்திருந்தா, வண்டி வந்ததாகக் கருதப்படும்னு மைக்ல சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

படிக்கப் படிக்க அவர்களுக்கு வேகம் வந்தது. 'பயனர்' என்றால் முன்பு பல்லக்கா மட்டும். இப்போது பல்லக்கா, அவளுடைய வாடிக்கையாளர்கள், அவர்களுடைய வாய்கள். 'எங்கள் தவறால் ஏற்படும் இழப்பு' என்பது 'உங்களுக்கு ஏற்படும் அனுபவம்' என்று ஆகியிருந்தது. பாதியில் ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பல்லக்கா, காலையில நீங்க எடுத்தது பழசாயிடுச்சாம், நீங்க பிரிண்ட் எடுத்த என் கடை கம்ப்யூட்டர் கத்துது" என்றார். போய்ப் பார்த்தால் ஒப்பந்தம் மீண்டும் மாறியிருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் அதுவும் மாறியது. மூன்றாவது முறை பல்லக்கா இணைய வயரைப் பிடுங்கிவிட்டுப் படித்தாள். ஒப்பந்தம் அப்போதுதான் ஒரு நிலைக்கு வந்தது.

நடுவில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்தத் தொல்லையே வேண்டாம், மாமாவுக்கு மெழுகில் அடுக்கிக் கையாலேயே ஒரு செட் செய்துவிடலாம். மெழுகைச் சூடாக்கக்கூட ஆரம்பித்தாள். அப்போது மாமனார் புதிய பிரதியில் ஒரு பத்தியின் மீது விரலை வைத்தார். ஸ்கேன் செய்யப்பட்ட தாடையின் வடிவமும், அந்த வடிவத்துக்குப் பொருந்தக்கூடிய எந்தப் பல்லும், அதை யார் எப்படிச் செய்திருந்தாலும், முறுவலின் உடைமை.

"அப்போ என் ஈறு?"

"ஈறு உங்களோடதுதான் மாமா. வடிவம் அவங்களோடது."

"வடிவத்தை எடுத்துக்கிட்டா ஈறு எங்கம்மா நிக்கும்?"

பல்லக்கா மீண்டும் படித்துப் பார்த்தாள். அதற்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லை. அடுப்பை அணைத்தாள். கையால் செய்து போட்டால், பார்க்கிற டாக்டர் அதை முறுவலில்தான் பதிவு செய்ய வேண்டும். அப்போது விஷயம் வெளிவந்து அவருடைய உரிமமும் போகும்.

வயரைச் செருகிவிட்டுப் பதிலை எழுதினாள். ஒரு மாற்றத்தையும் விடவில்லை. நீக்கப்பட்ட ஒரு காற்புள்ளியைக்கூடக் குறிப்பிட்டாள்.

'வாழ்த்துகள்' என்றது திரை. 'உங்கள் பதில் முற்றிலும் சரி.' சிவப்புப் பட்டம் மறைந்தது. பல்லக்கா மெஷினை நோக்கி எழுந்துகூட விட்டாள். அதற்குள் இன்னொரு ஜன்னல் திறந்தது. 'பழைய பிரதியோடு ஒப்பிடாமல் இவ்வளவு துல்லியமாக எழுத இயலாது. பழைய பிரதியை வைத்திருப்பதும், புதியதோடு ஒப்பிடுவதும் ஒப்பந்த மீறல். இந்த விதி உங்கள் பதில் வந்த பிறகு சேர்க்கப்பட்டது. நேரில் விளக்கமளிக்கக் கவன மையத்துக்கு வரவும்.'

கவன மையம் ஏழெட்டு மாடிக் கட்டடம். எல்லாச் சுவரும் கண்ணாடி, எதன் வழியாகவும் எதுவும் தெரியாது. வாசல் கதவில் 'இக்கதவைத் தள்ளுவது சம்மதமாகக் கொள்ளப்படும்' என்று ஒட்டியிருந்தது. பல்லக்கா எச்சரிக்கையாக இழுத்துப் பார்த்தாள். அது இழுக்கும் கதவு இல்லை. தள்ளினாள்.

காத்திருப்பு அறையில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா. அவருடைய எம்பிராய்டரி மெஷினும் இதே நிறுவனத்தின் வேறொரு மென்பொருளில் ஓடுவதாம்.

"எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள் பல்லக்கா.

"காலையில."

"இன்னிக்கா?"

தையல்காரர் யோசித்தார். "நான் 'ஒப்புக்கொள்ளவில்லை'ன்னு இருந்ததை அழுத்திட்டேங்க. அழுத்தினதும் நான் பயனர் இல்லேன்னு ஆயிடுச்சு. பயனர் இல்லாதவங்க இங்க உட்காரக் கூடாதாம்."

"அப்ப வெளிய போயிடலாமே."

"வெளிக்கதவுல பயனர் அட்டையைக் காட்டணும்."

"காவலாளிகிட்ட சொன்னீங்களா?"

"அவர் பயனர்களோட மட்டும்தான் பேசலாமாம். நல்ல மனுஷன். வருத்தமா பார்க்கறாரு." அவர் தன் கோப்பையைச் சுழற்றினார். அதன் அடியில் 'பருகுவது சம்மதம்' என்று அச்சிட்டிருந்தது. "டீ மோசமில்ல. நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"

"படிச்சேன்."

தையல்காரர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் தலைமைக் கவன அதிகாரி, இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். மூவர் முன்னாலும் ஒவ்வொரு திரை. அதிகாரிக்கு நல்ல முகம். பல்லக்கா பழக்கதோஷத்தில் அவருடைய முன்பற்களைப் பார்த்தாள். முறுவலில் செய்தவைதான்.

"உட்காருங்கம்மா" என்றார் அவர். "உங்க மேல இங்க யாருக்கும் கோபம் இல்ல. வருத்தம்தான். ஒப்பந்தத்தை மாத்தறது லேசுப்பட்ட வேலைன்னு நினைக்காதீங்க. மேல ஒரு மாடி முழுக்க ஆளுங்க உட்கார்ந்து மாத்திக்கிட்டே இருக்காங்க. சாப்பாட்டு நேரத்துல கூட ஷிஃப்ட் போட்டு மாத்தறாங்க. நீங்கல்லாம் படிக்காமலே அழுத்தறீங்கன்னு தெரிஞ்சப்ப அவங்க மனசு எப்படி இருந்திருக்கும்? அதனாலதான் கவனிக்கச் சொன்னோம். நீங்க என்ன பண்ணீங்க? கண்டுபிடிச்சிட்டீங்க. கவனிக்கிறது வேற, கண்டுபிடிக்கிறது வேற. கவனிக்கிறது மரியாதை. கண்டுபிடிக்கிறது சந்தேகம்."

"என்ன மாறியிருக்குன்னு எழுதச் சொல்லி நீங்கதானே கேட்டீங்க சார்?"

"கேட்டோம். எல்லாரும் தப்பாத்தான் எழுதுவாங்கன்னு நம்பிக் கேட்டோம். அந்த நம்பிக்கையை நீங்க உடைச்சிட்டீங்க."

இடது பக்க உறுப்பினர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவருக்கு இது நிஜமாகவே மனக்கஷ்டம் போலத் தெரிந்தது.

"ஒரு உறவுன்னா ரெண்டு பக்கமும் பொறுப்பு இருக்கும்மா" என்று தொடர்ந்தார் அதிகாரி. "மாத்தறது எங்க பொறுப்பு. மாறிக்கிறது உங்க பொறுப்பு. நாங்க எங்க பொறுப்புல ஒரு நாளாவது தவறியிருக்கோமா, சொல்லுங்க."

பல்லக்காவால் தவறியதாகச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு இதெல்லாம் தெரியாது சார். எங்க மாமனார் மசிச்சதையே சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. அவரோட பல்லு திரைக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. அதைக் குடுத்துடுங்க."

"உங்க மாமனார் வாய் எங்க குடும்பத்துல ஒண்ணும்மா" என்றார் அதிகாரி உருக்கமாக. "அதை நாங்க விட்டுடுவோமா?"

அப்போது மூன்று திரைகளும் ஒரே நேரத்தில் மணியடித்தன. மூவரும் பேச்சை நிறுத்தாமலே விரலை நீட்டி அழுத்தினார்கள்.

"என்ன மாறிச்சு சார்?" என்று கேட்டாள் பல்லக்கா.

"பெருசா ஒண்ணும் இருக்காது. இருந்தா எங்களுக்குச் சொல்லியிருப்பாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"அதுக்குன்னு ஒரு குழு இருக்கும்மா."

"எந்தக் குழு?"

அதிகாரி இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். "நாங்கதான்" என்றார்.

வலது பக்க உறுப்பினர் சட்டம் படித்தவர். திரையைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தவர், முகம் மாறி, அதிகாரியின் காதருகே குனிந்தார். குனிந்தவர் ஏதோ நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டு, விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். ஒப்பந்தம் பற்றி மூன்றாம் நபருடன் பேசுவது இந்த நிமிடம் முதல் மீறல். மூன்றாம் நபர் என்பவர், பேசுகிறவரைத் தவிர வேறு எவரும்.

அதன் பிறகு விசாரணை மௌனமாக நடந்தது. அதிகாரி மேஜையைப் பார்த்தார். உறுப்பினர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். பல்லக்காவுக்குத் தான் குற்றவாளியா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அந்த அறையில் அதைச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் மூன்றாம் நபர்கள்.  எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். தையல்காரரின் கோப்பை ஞாபகத்துக்கு வந்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

கடைசியில் அதிகாரி ஒரு திரையை அவள் பக்கம் நகர்த்தினார். 'அணிபவர் உரிமம்' என்று தலைப்பு. பற்கள் விடுவிக்கப்படும். ஆனால் அவை அணிபவருக்குச் சொந்தமல்ல, பயன்பாட்டுக்கு மட்டும். நிறுவனத்தின் ஊழியர் முன்னிலையில் பொருத்த வேண்டும். அப்போது அணிபவர் பேசுவதை ஊழியர் பதிவு செய்வார். மேற்படி பற்களை அணிந்திருக்கும்போது நிறுவனத்தைப் பற்றி எதிர்மறையான கருத்து எதையும் வெளியிடக் கூடாது. பல்லைச் செய்தவர் இவை அனைத்துக்கும் பொறுப்பு. அவர் பட்டறையிலுள்ள எல்லாத் தாடைகளும் அதற்கு ஈடு.

பல்லக்கா ஒருமுறை முழுவதும் படித்தாள். எதிரே மூவரும் அவள் படிப்பதைச் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள், பந்தியில் பாத்திரத்தைத் துடைத்துப் பார்த்துச் சாப்பிடுகிறவரைப் பார்ப்பதுபோல. ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி இருந்தது. கேட்க ஆளில்லை. மாமனார் கரைத்த உணவை ஸ்பூனால் கிளறிக்கொண்டே, வாய்க்குக் கொண்டுபோகாமல் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. அழுத்தினாள்.

வெளியே வரும்போது தையல்காரர் நிமிர்ந்து, "என்ன ஆச்சு?" என்றார். அவரும் மூன்றாம் நபர்தான். பல்லக்கா தரையைப் பார்த்தாள்.

"சரி, சரி" என்றார் அவர். "போய்ட்டு வாங்க."

பற்கள் மறுநாளே மெஷினிலிருந்து வந்தன. பல்லக்கா அவற்றைத் தேய்த்து, மெருகேற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் செய்ததிலேயே நல்ல செட் அதுதான். அதை நினைக்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மதியம் நிறுவனத்தின் ஊழியர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அட்டை, கையில் ஒரு டேப்லெட், வியர்வை துடைக்க ஒரு கைக்குட்டை. தாடைகளைப் பார்த்து, மற்றவர்கள் போலவே அவரும் கொஞ்சம் தயங்கினார். லிஃப்ட்காரக் கணவர் ஒரு நாற்காலி போட்டார். மாமனார் நடுவில் உட்கார்ந்தார். அணிபவர் உரிமத்தை ஊழியர் அவரிடம் நீட்டினார். மூன்றாம் நபர் விதி அன்று காலைதான் மறுபடி மாறி, பேசலாம் என்று ஆகியிருந்தது.

மாமனார் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு, "இதை மாட்டிக்கிட்டு உங்களைத் திட்டக் கூடாது. அவ்வளவுதானே?" என்று நிதானமாகக் கேட்டார்.

"திட்டறதுன்னு நாங்க சொல்றதில்ல சார். எதிர்மறைக் கருத்து."

"மாட்டாம?"

ஊழியர் டேப்லெட்டில் மேலும் கீழும் தேடினார். "அதப் பத்தி இன்னும் எதுவும் சேர்க்கல சார்."

மாமனார் தலையாட்டிவிட்டுக் கட்டைவிரலை வைத்தார்.

பல்லக்கா செட்டைப் பொருத்தினாள். கடிக்கச் சொன்னாள், திறக்கச் சொன்னாள், பக்கவாட்டில் அரைக்கச் சொன்னாள். தேய்க்க வேண்டிய இடமே இல்லை. லிஃப்ட்காரர் ஓர் ஆப்பிளை நறுக்காமல் அப்படியே அப்பாவிடம் கொடுத்தார். மாமனார் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தார். கடித்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். சாறு தாடையில் வழிந்தது. துடைக்கவில்லை.  ஊழியர்கூட டேப்லெட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பார்த்தார். ஆப்பிள் முடிந்து நடுத்தண்டு மட்டும் மிஞ்சும்வரை மாமனார் நிறுத்தவில்லை.

பிறகு அவர் வாயில் கையை விட்டு, மேல் வரிசையைக் கழற்றினார், கீழ் வரிசையைக் கழற்றினார், இரண்டையும் மருமகள் கையில் மரியாதையாகக் கொடுத்தார். ஊழியரை நோக்கித் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

அவர் அவ்வளவு வேகமாகப் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. காற்றும் எச்சிலும் உதடும் மட்டும் சேர்ந்து வந்தன. ஒரு சொல்லும் சொல்லாக வரவில்லை. கை மேலே போனது, அந்த ஏழெட்டு மாடியை ஒவ்வொரு மாடியாகக் காட்டி இறங்கியது. மகன் புரியாமல் விழித்தார். ஊழியர் டேப்லெட்டை அவர் வாய்க்கருகே பிடித்துப் பார்த்தார். திரையில் எழுத்துகளுக்குப் பதில் புள்ளிகள் வரிசையாக வந்தன.

பல்லக்காவுக்கு மட்டும் முழுவதும் புரிந்தது. பல் எடுத்த வாய்களோடு நாள் முழுக்கப் பேசுகிறவள் அவள். மாமனார் நிறுவனத்தின் தலைவரில் தொடங்கி, அவருடைய குடும்பத்துக்குப் போய், அங்கிருந்து மேல் மாடியில் ஷிஃப்ட் போட்டு மாற்றுகிறவர்களிடம் வந்திருந்தார். ஆயுள் முழுக்க மைக்கில் மரியாதையாகப் பேசிய மனிதருக்கு இவ்வளவு வார்த்தைகள் தெரியும் என்று அவள் நினைத்ததே இல்லை. அவளுக்கே சொல்லத் தோன்றியவை எல்லாம் அதில் இருந்தன. சில அவளுக்குத் தோன்றாதவை.

"என்ன சொல்றாரு மேடம்?" என்று கேட்டார் ஊழியர். "பதிவு பண்ணணும்."

பல்லக்கா உள்ளங்கையில் இருந்த பற்களைப் பார்த்தாள். அவை ஈரமாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

"பல்லு ரொம்ப நல்லாப் பொருந்தியிருக்காம்" என்றாள்.

ஊழியர் அப்படியே எழுதிக்கொண்டார். மாமனார் மூச்சு வாங்கிவிட்டு, நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"இன்னும் ஏதோ சொல்றாரே."

"நன்றி சொல்றாரு."

"ரொம்ப நேரமா சொல்றாரே மேடம்."

"பெரியவங்களுக்கு நன்றி வந்துட்டா நிறுத்தத் தெரியாதுங்க."

"யாருக்கு நன்றின்னு போடட்டும்?"

பல்லக்கா கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"எல்லாருக்கும்" என்றாள். "ஒருத்தரையும் விடல."